கொத்துக்கறிக்கு ஒயின்

கொத்துக்கறி வைப்பதில் என்னை மிஞ்ச ஆளில்லை என்று நான் திமிராகத் திரிந்த காலம் அது. அப்போதுதான் ஒரு இத்தாலிக்காரர் எங்கள் செல்லூர் வீட்டுக்கு வந்து, என் சட்டியை அடுப்பில் ஏற்றி, என் கையிலிருந்த கரண்டியையும் வாங்கிக்கொண்டு கொத்துக்கறி சமைத்தார். நான் பக்கத்தில் வேடிக்கை பார்த்துக்கொண்டு நின்றேன். நான் அடுப்படியில் சும்மா நின்றேன் என்று சொன்னால் என் சொந்தக்காரர்கள் யாரும் நம்ப மாட்டார்கள்.

எழுபதுகளின் கடைசி. என் வீட்டுக்காரர் சமயநல்லூர்ப் பக்கம் ஒரு நூல் மில்லில் ஃபோர்மேன். மில்லுக்கு இத்தாலியிலிருந்து புது மெஷின் வந்தது. அதைப் பூட்டி ஓடவிட்டுக் கொடுக்க இந்த மனிதரும் வந்தார். ஐம்பது வயதைத் தாண்டியவர். குட்டையான உருவம், முழங்கை வரை எண்ணெய்க் கறை. மில் முதலாளி வீடு சுத்த சைவம் என்பதால் கெஸ்ட் ஹவுஸ் சமையலும் சைவம். காலையில் இட்லி, மதியம் சாம்பார், ராத்திரி தயிர் சாதம் என்று மனிதர் நான்கு மாதத்தில் பாதியாகிவிட்டார் என்று என் வீட்டுக்காரர் வந்து சொல்லிச் சொல்லி வருத்தப்படுவார்.

தை மாதத்தில் ஒருநாள் வேலை முடிந்து வந்தவர், சட்டையைக்கூடக் கழற்றாமல் அடுப்படிக்கு வந்து நின்றார்.

"ஞாயித்துக்கெழம நம்ம வீட்டுல சமைச்சுக்கலாமான்னு அவரு கேக்குறாருடி."

"அவரு எதுக்குச் சமைக்கணும்? எனக்குக் கையில்லையா? வரச்சொல்லுங்க, நான் ஆக்கிப் போடுறேன்."

"அதில்லடி. அன்னைக்கு அவரு மகளுக்குக் கல்யாணம்."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. மகளுக்கு அங்கே கல்யாணம், அப்பன் இங்கே நட்டும் போல்ட்டும் முடுக்கிக்கொண்டிருக்கிறாரா? விசாரித்தால், மெஷின் வந்த கப்பல் தாமதமாகி வேலை தள்ளிப்போய்விட்டது. மெஷினை ஓடவிடாமல் அவர் கிளம்ப முடியாது, மாப்பிள்ளை வீட்டார் தேதியை மாற்றத் தயாரில்லை. அவர்கள் ஊர்க் கல்யாணத்தில் கொத்துக்கறிக் குழம்புதான் பெரிய பந்தியாம். அதோடு அவருடைய அண்ணன் தோட்டத்துத் திராட்சையில் போட்ட சிவப்பு ஒயின். அதே ஒயினில் ஒரே ஒரு புட்டியை ஸ்வெட்டருக்குள் சுருட்டிக் கொண்டுவந்து, பெட்டியில் பூட்டி வைத்திருந்தார். அங்கே எல்லோரும் மகளை வாழ்த்திக் குடிக்கிற அதே நாளில், அதே குழம்பைச் சாப்பிட்டு, அதே ஒயினில் ஒரு வாய் தானும் குடித்துவிட வேண்டும். அவர் ஆசைப்பட்டது அவ்வளவுதான்.

கல்யாணத்தன்று கறியா என்று ஒரு பக்கம் மனசு முகம் சுளித்தது. எங்களில் கல்யாணம் முடிந்து மறுநாளோ அதற்கு மறுநாளோதான் கறிவிருந்து. ஆனால் அதைவிடப் பெரிய சிக்கல் எங்கள் கூடத்தில் ஈசிச்சேரில் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தது. என் மாமனார்.

அவர் ரயில்வேயில் பாயிண்ட்ஸ்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர். அவருடைய மூத்த மகன், என் வீட்டுக்காரரின் அண்ணன், கள்ளச்சாராயம் குடித்துச் செத்தார். எனக்குக் கல்யாணம் ஆவதற்கு முன்பே நடந்தது. அதற்குப் பிறகு அந்த வீட்டுக்குள் புட்டி என்று எது நுழைந்தாலும் மாமனார் மூடியைத் திறந்து மோந்து பார்ப்பார். எனக்குப் பிரசவம் ஆனபோது என் அம்மா கொடுத்தனுப்பிய அரிஷ்டத்தை, "இதுலயும் அந்தச் சனியந்தான் இருக்கு" என்று திருப்பி அனுப்பியவர். நான் பிள்ளை பெற்ற உடம்பை வைத்துக்கொண்டு அன்றைக்குப் போட்ட சண்டை தெருவுக்கே தெரியும். கடைசியில் அவர்தான் ஜெயித்தார்.

போதாக்குறைக்கு ஊரெல்லாம் மதுவிலக்கு. வெளிநாட்டுக்காரர் என்பதால் அவரிடம் பெர்மிட் இருந்தது. எங்களிடம் என்ன இருந்தது? இந்தப் பக்கம் தறிச் சத்தம், அந்தப் பக்கம் தறிச் சத்தம், நடுவில் ஒருவர் தும்மினால் நாலு வீட்டுக்குக் கேட்கிற சந்து மட்டும்தான் இருந்தது.

"அப்பாகிட்ட சமையல மட்டும் சொல்லு. மத்தத நான் பாத்துக்கிறேன்" என்றார் என் வீட்டுக்காரர். அவர் பார்த்துக்கொள்கிற அழகு எனக்குத் தெரியாதா? இருந்தாலும் சரி என்றேன். அந்த மனிதரை நினைக்கப் பாவமாக இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலையில் இத்தாலிக்காரர் சைக்கிள் ரிக்‌ஷாவில் வந்து இறங்கினார். வெள்ளைச் சட்டை, கழுத்தில் டை, பளபளப்பாகத் துடைத்த பூட்ஸ். சந்துக்குள் இருந்த பிள்ளைகள் எல்லாம் பின்னாலேயே வந்துவிட்டன. என் வீட்டுக்காரர் ஓடிப்போய் அவர் கையிலிருந்த மஞ்சள் பையை வாங்கப் பார்த்தார். அந்தப் பையை மட்டும் அவர் கொடுக்கவில்லை. குழந்தையைத் தூக்குவதுபோல் நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வாசலுக்கு வந்தார். பையின் வாய்க்கு வெளியே புட்டியின் கழுத்து எட்டிப் பார்த்தது. லேபிள்கூடக் கிடையாது, தக்கை அடைத்த பச்சைப் புட்டி. பார்க்க அசல் சாராயப் புட்டி மாதிரியே இருந்தது.

மாமனார் வாசற்படியில் குறுக்கே நின்றார்.

"டேய், அது என்னடா?"

என் வீட்டுக்காரருக்கு வேர்த்துவிட்டது. "அப்பா... அது... திராட்சை ரசம்ப்பா."

"திராச்சை ரசமா? நான் என்ன பச்சப் புள்ளையாடா? இந்தப் படியத் தாண்டி அது உள்ள வரக்கூடாது. அம்புட்டுத்தான்."

இத்தாலிக்காரருக்கு ஒரு வார்த்தை புரியாவிட்டாலும் சங்கதி புரிந்துவிட்டது. முகம் வாடிப்போய், இரண்டு கையாலும் பையைப் பிடித்துக்கொண்டு வெயிலில் நின்றார். என் வீட்டுக்காரர் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். எனக்கு வந்ததே கோபம். ஆம்பிளைகள் மூன்று பேர் வாசலில் நின்றுகொண்டு ஒரு வேலையை முடிக்கத் தெரியவில்லையே!

"மாமா, அது படியத் தாண்டாது. மொட்டமாடிக்கு ஏணிப்படி சந்துல இருந்துதான ஏறுது? மேல கொண்டு போயி வைக்கட்டும். சாப்பாட்டையும் மேலயே வச்சுக்கிருவோம். அவரு மகளுக்கு இன்னைக்குக் கல்யாணம் மாமா. வீட்டுக்கு வந்தவர இப்படி நிப்பாட்டி வைக்கிறது நல்லாவா இருக்கு?"

மாமனார் என்னை ஏறிட்டுப் பார்த்தார். "இன்னைக்கா கல்யாணம்? அப்பன் இங்க நிக்கிறாரு?"

"கப்பல் லேட்டாகி அவரு போக முடியல மாமா."

அவர் இத்தாலிக்காரரை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு வாசலை விட்டு விலகி, ஏணிப்படிப் பக்கம் கையைக் காட்டினார்.

புட்டி மேலே தண்ணீர் டிரம் நிழலுக்குப் போனது. இத்தாலிக்காரர் கீழே வந்து டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு வேலையைத் தொடங்கினார். கறிக்கடையில் கையாலேயே கொத்தி வாங்கிய கறி. பெரிய வெங்காயத்தையும் கேரட்டையும் மணல்போலப் பொடிசாக அரிந்தார். நல்லெண்ணெயை மோந்து பார்த்துவிட்டு வேண்டாம் என்று தலையாட்டினார். வெண்ணெய் கொடுத்தேன். இஞ்சி கிடையாது, சோம்பு கிடையாது, மிளகாய் மருந்துக்கும் கிடையாது. ஆனால் என் பிள்ளைக்கு உரசிக் கொடுக்க வைத்திருந்த ஜாதிக்காயைப் பார்த்ததும் அவர் முகம் மலர்ந்ததைப் பார்க்க வேண்டுமே! அதில் கொஞ்சம் சுரண்டிப் போட்டார். நாட்டுத் தக்காளி, ஒரு டம்ளர் பால். கறியில் பாலை ஊற்றுகிற ஆளை அன்றைக்குத்தான் பார்த்தேன். வாயை மூடிக்கொண்டு இருக்க நான் பட்ட பாடு கொஞ்சநஞ்சமல்ல.

கறி மூன்று மணி நேரம் பையப் பைய வேக வேண்டும் என்றார். அதற்கு என் மரத்தூள் அடுப்பு சரியாக இருந்தது. தகர டின்னில் மரத்தூளை இறுக்கி அடைத்துப் பற்ற வைத்தால் ஒரே சீராகக் கனிந்துகொண்டே இருக்கும், வெந்நீருக்காக வைத்திருந்தேன். அவர் அதைக் குனிந்து குனிந்து பார்த்து, தன் ஊருக்கு ஒன்று வாங்கிப் போக வேண்டும் என்றார்.

பாதி வெந்தபோது ஒரு டம்ளரை எடுத்துக்கொண்டு மாடியைக் காட்டினார். குழம்பிலும் அரை டம்ளர் ஒயின் ஊற்ற வேண்டுமாம். நான் சட்டியின் மேல் கையை வைத்து மறைத்துக்கொண்டேன். அதே சட்டியிலிருந்துதான் மாமனாருக்கும் போட வேண்டும். தெரியாமல் ஊற்றிவிட்டுத் தெரிந்துபோனால் அந்த மனிதர் அதற்குப் பிறகு என் கையால் தண்ணீர்கூடக் குடிக்க மாட்டார். என் வீட்டுக்காரர் விளக்கிச் சொன்னதும் இத்தாலிக்காரர் டம்ளரைக் கீழே வைத்துவிட்டார். வற்புறுத்தவில்லை. புளிப்புக்கு வேண்டுமானால் என்று நான் கொஞ்சம் புளித்தண்ணீர் கரைத்துக் கொடுத்தேன். விரலால் தொட்டு நக்கிப் பார்த்து, கண்ணை ஒரு மாதிரி இறுக்கி மூடி, ஒரே ஒரு கரண்டி ஊற்றினார்.

பிறகு மைதாவில் முட்டையை உடைத்து ஊற்றிப் பிசைந்து, என் சப்பாத்திக் கட்டையால் தேய்த்து, பாவாடை நாடா அகலத்துக்கு நீள நீளமாக அறுத்தார். அதைத் துணி காயப்போடும் கொடியில் தொங்கவிட்டதும் பக்கத்து வீட்டுப் பெண்கள் சுவரின் மேலாக எட்டிப் பார்த்தார்கள். "என்னக்கா, நாடாவ அவிச்சுத் திங்கப் போறீகளா?" என்று ஒருத்தி கேட்டாள். ஆமாம், உனக்கும் வேணுமா என்றேன்.

உச்சிவேளைக்கெல்லாம் கறி தயார். வாசனை தூக்கியது. மசாலா வாசனை இல்லை, கறியின் சொந்த வாசனை. எல்லோருக்கும் பசி. இலை நறுக்கப் போனேன். அப்போது மாமனார் அடுப்படி வாசலுக்கு வந்தார்.

"ஏத்தா, அங்க முகூர்த்தம் எத்தன மணிக்குன்னு கேளு."

கேட்டோம். கோயிலில் காலை பதினொரு மணிக்கு என்றார் இத்தாலிக்காரர். அவர் கையில் கட்டியிருந்த வாட்சை இந்த ஊருக்கு வந்த பிறகும் மாற்றவே இல்லை, அவர் ஊர் மணியைத்தான் காட்டிக்கொண்டிருந்தது. மாமனார் அதையும் தன் ரயில்வே கடிகாரத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்.

"அப்ப நமக்கு மூணரை. இன்னும் தாலியே ஏறல. பொண்ணப் பெத்தவன் தாலி ஏறுறதுக்கு முன்னால கை நனைப்பானா? இலையப் போடாத."

எனக்குச் சிரிப்பும் வந்தது, எரிச்சலும் வந்தது. கறி ஆறிக்கொண்டிருக்கிறது, இவர் தாலி ஏறட்டும் என்கிறார்! என் வீட்டுக்காரர் தயங்கித் தயங்கி இங்கிலீஷில் சொன்னார். எங்களில் பெண்ணுக்கு அப்பா கல்யாணம் முடிகிறவரை விரதம் இருப்பார், அதனால்தான் எங்கள் அப்பா இப்படிச் சொல்கிறார், உங்களுக்குப் பசித்தால் நீங்கள் சாப்பிடலாம். இத்தாலிக்காரர் முதலில் சிரித்தார். பிறகு மாமனாரைப் பார்த்தார். சிரிப்பு நின்றுபோனது. நான்கு மாதமாக மில்லில் அவரை இஞ்சினியர் என்றும் வெள்ளைக்காரர் என்றும்தான் எல்லோரும் பார்த்தார்கள். பெண்ணைப் பெற்றவர் என்று பார்த்தவர் இவர்தான் போலிருக்கிறது. "நானும் காத்திருக்கிறேன்" என்று வாட்சைத் தொட்டுக் காட்டிவிட்டு, மாமனாருக்கு எதிரே நாற்காலியில் போய் உட்கார்ந்தார். மாமனாரும் சாப்பிடவில்லை. நான் பிள்ளைக்கு மட்டும் ஊட்டிவிட்டேன். இரண்டு அப்பாக்களும் ஆளுக்கொரு கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு கூடத்தில் உட்கார்ந்திருந்தார்கள்.

மூன்று மணிக்குமேல் நாடாவை வெந்நீரில் போட்டு எடுத்து, எல்லாவற்றையும் மேலே கொண்டுபோனோம். கறி வாசலைத் தாண்டிப் போவதால் சட்டி மூடியின் மேல் ஒரு கரித்துண்டை வைத்தேன். இத்தாலிக்காரர் அது என்ன என்று கேட்டார். காத்துக்கருப்பு அண்டாமல் இருக்க என்று சொன்னதும், பயபக்தியோடு புட்டியைக் காட்டி அதற்கும் ஒன்று வேண்டும் என்றார்.

"அதுக்குத்தான் மொதல்ல வைக்கணும்" என்றார் மாமனார். மாடிக்கு வர மாட்டார் என்று நான் நினைத்திருந்தேன். பின்னாலேயே ஏறி வந்திருந்தார்.

மூன்றரை ஆனதும் மாமனார் மஞ்சள் அரிசி கொண்டுவரச் சொன்னார். எல்லோர் கையிலும் கொஞ்சம் கொடுத்தேன். எந்தத் திசையில் போடுவது? என் வீட்டுக்காரர் யோசித்து வடமேற்கே கையைக் காட்டினார். அது அவர் தினமும் வேலைக்குப் போகிற சமயநல்லூர்த் திசை. அந்தப் பக்கமாகவே போனால் இத்தாலி வந்துவிடும் என்று ஒரு கணக்கு. "நல்லா இரு தாயி" என்று மாமனார் சத்தமாகச் சொல்லிக்கொண்டு அட்சதையைத் தூவினார். பாதி அரிசி பக்கத்து மாடியில் காய்ந்த வடகத்தின் மேல் விழுந்தது. இத்தாலிக்காரர் கைப்பிடி அரிசியைப் போடாமல் வெகுநேரம் வைத்திருந்தார். பிறகு மகளின் பெயரைச் சொல்லி வீசினார். கண்ணைத் துடைக்க அவர் கூச்சப்படவே இல்லை.

பாயில் உட்கார்ந்தோம். தக்கையை எடுத்ததும் மாமனாரின் கழுத்து விறைத்தது. நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். இத்தாலிக்காரர் டம்ளரில் கால்பாகம் ஊற்றினார்.

"டேய், வெறும் வயித்துல ஊத்திக்க வேணாம்னு சொல்லு. மொதல்ல சோத்துல கைய வைக்கச் சொல்லு."

என் வீட்டுக்காரர் சொன்னதும் இத்தாலிக்காரர் வேகவேகமாகத் தலையாட்டினார். சாப்பாடு இல்லாமல் இதை யாரும் தொட மாட்டோம், இது சாப்பாட்டோடு சேர்ந்ததுதான் என்றார். ஒரு வாய் கறி, அதன் பிறகு ஒரு வாய் ஒயின். மறுபடி கறி. கறியின் கொழுப்பு நாக்கில் படியும், ஒயின் அதை வழித்துத் துடைத்துவிடும், அதனால் ஒவ்வொரு வாயும் முதல் வாய் மாதிரியே இருக்கும் என்று கன்னத்தையும் நாக்கையும் தொட்டுத் தொட்டுக் காட்டி எனக்குச் சொன்னார். மாமனார் அவர் எதிரே உட்கார்ந்து, நாடாவோடு மல்லுக்கட்டிக்கொண்டே, அவர் தட்டு காலியாகாமல் கறியை அள்ளி அள்ளிப் போட்டுக்கொண்டிருந்தார். என்னைப் போட விடவில்லை. என் வீட்டுக்காரர் பக்கமும் டம்ளர் ஒருமுறை நீண்டது. அப்பா முன்னால் அவருக்கு ஏது துணிச்சல், கையெடுத்துக் கும்பிட்டுவிட்டார்.

அந்தக் குழம்பைப் பற்றி உண்மையைச் சொல்ல வேண்டும். காரமே இல்லாமல் நன்றாக இருந்தது. எனக்கு வயிறெரிச்சலாகவும் இருந்தது.

பாதிப் புட்டிகூடக் காலியாகவில்லை. இத்தாலிக்காரர் தக்கையை எடுத்து அடைத்து உள்ளங்கையால் தட்டினார். மாமனார் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தார். "போதுமாமா?" என்று மகனிடம் கேட்டார். போதுமாம் என்றார் என் வீட்டுக்காரர். அவரும் இத்தாலிக்காரரும் கைகழுவக் கீழே இறங்கினார்கள்.

நான் பாத்திரங்களை எடுத்தேன். இத்தாலிக்காரர் டம்ளரின் அடியில் ஒரு சொட்டு மிச்சம் இருந்தது. எனக்கு ஆசை விடவில்லை. விரலால் தொட்டு நாக்கில் வைத்தேன். சீ, இதற்கா இவ்வளவு பாடு! நாவற்காயைக் கடித்ததுபோல் வாயெல்லாம் துவர்ப்பு. உடனே சட்டியை வழித்துக் கொஞ்சம் கறியை வாயில் போட்டுக்கொண்டு இன்னொரு சொட்டு வைத்தேன். அந்தத் துவர்ப்பு எங்கே போனது என்றே தெரியவில்லை. கறிச்சோறு சாப்பிட்டுவிட்டுப் பாக்கு போட்டதுபோல் வாய் சுத்தமாகிவிட்டது. நிமிர்ந்தால் மாமனார் என்னையே பார்த்துக்கொண்டு பாயில் உட்கார்ந்திருக்கிறார். எனக்கு உயிரே போய்விட்டது.

அவர் திட்டவில்லை. "எப்படித்தா இருக்கு?" என்றார்.

பொய் சொல்ல வாய் வரவில்லை. "மொதல்ல தொண்டையப் புடிக்குது மாமா. கறியோட சேத்தா பாக்கு மாதிரி இருக்கு."

அவர் அந்தப் புட்டியைக் கையில் எடுத்தார். மூடியைத் திறந்து மோந்து பார்க்கவில்லை. வெயிலில் தூக்கிப் பிடித்து உள்ளே எவ்வளவு இருக்கிறது என்று பார்த்தார்.

"எம்புட்டு மிச்சம் வச்சிருக்காரு பாரு. வயிறு நெறஞ்சுருச்சுல்ல, போதும்னுட்டாரு. என் மவனுக்கு யாருத்தா இப்படிக் கறியப் போட்டு எதுத்தாப்புல உக்காந்தா? குடிச்சுட்டு வந்தா இந்த வீட்டுல சோறு கெடையாதுன்னு சொன்னவன் நாந்தான். தெனமும் சொன்னேன். போய்ச் சேந்தாளே உங்க அத்தை, அவ சோத்த எடுத்தா, தட்டப் புடுங்கி வச்சேன். திருந்துவான்னு நெனச்சேன்த்தா. கடைசி அன்னைக்கும் அவன் வயித்துல சோறு இல்லன்னு பெரியாஸ்பத்திரியில சொன்னாக."

அழுகை முட்டிக்கொண்டு வந்தது. இத்தனை வருஷமாக இந்த மனிதர் புட்டிகளை மோந்து பார்த்தபோதெல்லாம் நான் எத்தனை கிண்டல் செய்திருப்பேன். மாமனார் முன்னால் மருமகள் உட்காருகிற வழக்கம் எங்கள் வீட்டில் இல்லை. கையிலிருந்த பாத்திரங்களை வைத்துவிட்டு, அந்தப் பாயிலேயே அவருக்கு எதிரில் உட்கார்ந்தேன்.